நிசேகோவா, ஃபுரானோவா?

பனிச்சறுக்கு விடுமுறை என்று சொன்னாலே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலர் வாயில் முதலில் வரும் பெயர் நிசேகோ. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இருக்கிறது. அலுவலகத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் நிசேகோ போய்வந்த கதை ஒன்று இருக்கும். அதே தீவின் நடுவில் இருக்கும் ஃபுரானோவை லாவண்டர் பூக்களுக்காகக் கோடையில் பார்த்தவர்கள் நிறைய. குளிர்காலத்தில் அங்கே நல்ல சறுக்குத்தளம் உண்டு என்பது தெரிந்தவர்கள் குறைவு.

சென்ற டிசம்பர் பயணத்துக்கு இந்த இரண்டில் எது என்று முடிவெடுக்க எங்கள் குடும்பத்துக்கு மூன்று வாரம் ஆனது. மொத்தம் ஒன்பது பேர். இங்கே நான், என் கணவர், 7 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கிள்ளானிலிருந்து அக்கா, அத்தான், 19 வயது மகன், 13 வயது மகள். ஒன்பதாவது ஆள் அம்மா. வயது 70. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா இருந்தவரை இருவரும் பார்த்த அதிகபட்சக் குளிர் கேமரன் மலைக் குளிர்தான்.

அக்காவின் வாக்கு நிசேகோவுக்கு. அவள் சொன்ன காரணங்கள் எல்லாமே நியாயமானவை. அங்கே ஆங்கிலம் பேசிச் சமாளித்துவிடலாம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து ஆஸ்திரேலியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த ஊரையே மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லித்தரும் சறுக்குப் பள்ளிகள் தாராளம். சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு எடுக்கலாம். அத்தானுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அங்குள்ள நிசேகோ வில்லேஜ் தளத்தை 2010இல் வாங்கியது மலேசியாவின் ஒய்டிஎல் குழுமம். “நம்ம ஊர்க்காரன் இடம்” என்று அவர் பேசியதைக் கேட்டால், அவரே பங்கு வாங்கிப் போட்டிருக்கிறாரோ என்று தோன்றும்.

அக்கா மகனுக்குப் பனிதான் முக்கியம். கல்லூரி நண்பர்களோடு கொரியாவில் இருமுறை சறுக்கியவன். நிசேகோவில் ஒரு பருவத்தில் விழும் பனியைக் கூட்டினால் ஏறத்தாழ 15 மீட்டர் வரும் என்பதைக் குழுவில் தினமும் ஒருமுறை நினைவூட்டினான். அது உண்மைதான். சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று, அதைவிடச் சூடான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடலைத் தாண்டி வந்து முட்டும் முதல் மலைகளில் அதை அப்படியே கொட்டிவிடுகிறது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிசேகோவுக்கு முதல் பந்தி. தீவின் உட்பகுதியில் இருக்கும் ஃபுரானோவுக்கு மேகம் வந்து சேரும்போது ஈரம் பாதி தீர்ந்திருக்கும். அங்கே பனி குறைவு. ஆனால் குளிர் அதிகம் என்பதால் விழுகிற பனி இன்னும் உலர்ந்து, மாவு போல இருக்கும். வெயிலும் நிசேகோவைவிட அதிக நாள் தலைகாட்டும்.

நிசேகோ எனக்குப் புதிதில்லை. பிள்ளைகள் பிறப்பதற்கு முன் அலுவலகத் தோழிகளோடு ஆறு நாள் ஹிராஃபுவில் தங்கியிருக்கிறேன். நிசேகோ அன்னுபுரி என்ற 1,308 மீட்டர் மலையின் சரிவுகளில் நான்கு தளங்கள் இருக்கின்றன. கிராண்ட் ஹிராஃபு, ஹனஸோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுபுரி. ஒரே லிஃப்ட் அட்டையில் நான்கிலும் சறுக்கலாம். எதிரே 1,898 மீட்டர் உயரத்தில் யோத்தெய் எரிமலை. ஃபூஜி மலைக்கு உடன்பிறப்பு போலக் கூம்பு வடிவில் நிற்கும். மேகம் விலகினால்தான் தரிசனம். ஆறு நாளில் எங்களுக்கு ஒரே ஒரு காலைதான் கிடைத்தது. மற்ற நாளெல்லாம் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. சறுக்குகிறவர்களுக்கு அது வரம். இரவில் விளக்கு போட்டு, விழுந்துகொண்டிருக்கும் பனியிலேயே சறுக்க விடுவார்கள். அந்த இரவுகளை இன்றும் மறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் யோசனை அம்மாவிடம் போனது. ஹிராஃபு கிராமமே ஒரு சரிவில் இருக்கிறது. முக்கியத் தெருவில் பனி உருக வைக்கும் வெப்பக் குழாய் பதித்திருக்கிறார்கள். அதிலிருந்து பிரியும் சந்துகளில் மிதிபட்ட பனி கண்ணாடியாக உறைந்துகிடக்கும். அப்போது 28 வயதில் இருந்த நானே இரவுச் சாப்பாட்டுக்குப் போகும்போது தோழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். நாங்கள் எட்டுப் பேரும் காலை 9 மணிக்கு மலைக்குப் போய்விட்டால் அம்மா எங்கே போவார்? சறுக்காதவர்களுக்கு ஹிராஃபுவில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். உணவகங்கள், மதுக்கூடங்கள், சறுக்குச் சாமான் விற்கும் கடைகள். வெந்நீர் ஊற்றுக் குளியல் நல்லதுதான். ஆனால் ஆடையின்றிப் பொதுக்குளியலில் இறங்க வேண்டும் என்று சொன்னதுமே அம்மா தலையை ஆட்டிவிட்டார்.

நிசேகோ வில்லேஜில் பெரிய ஹோட்டலில் தங்கினால் நடக்கும் சிக்கல் பெரும்பாலும் தீரும். வாசலிலேயே லிஃப்ட். அக்காவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அப்போது சமையலறை கிடையாது. விலையும் கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் கைக்கு எட்டவில்லை. அம்மாவுக்குக் கிடைப்பது வரவேற்புக் கூடத்தின் ஜன்னல் மட்டும்தான்.

இதற்கிடையில் அம்மா எனக்குத் தனியாகத் தொலைபேசியில் அழைத்தார். “நான் வரலம்மா. நீங்க போய்ட்டு வாங்க. நான் வந்தா ஒருத்தர் எனக்காக உக்காந்திருக்கணும். காசையும் போட்டு, யாராவது ஒருத்தருக்கு விளையாட்டும் போகும்.” பனியைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லை என்று அர்த்தமில்லை. என் மகள் காட்டிய பனி வீடியோக்களை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தவர் அவர். இந்த முழங்காலோடு இன்னும் எத்தனை ஆண்டு இப்படி ஒரு பயணம் முடியும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அன்றிரவு குழுவில் ஒரு வரி போட்டேன். மலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அம்மாவின் பகல்பொழுதை எந்த ஊர் நன்றாக நிரப்பும் என்று மட்டும் பார்ப்போம். எட்டுப் பேரில் ஆறு பேர் புதியவர்கள். எங்களுக்கு இரண்டு மலையும் ஒன்றுதான். முதல் மூன்று நாள் விழுந்து எழுந்திருக்கவே சரியாக இருக்கும். அதற்கு 15 மீட்டர் பனி எதற்கு?

ஃபுரானோ அந்தக் கணக்கில் எங்கேயோ போய்விட்டது. சறுக்குத்தளத்தின் அடியிலேயே நியூ ஃபுரானோ பிரின்ஸ் ஹோட்டல். அதன் வாசலை ஒட்டிய காட்டுக்குள் நிங்கில் டெரஸ் என்று 15 மரக்குடில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைவினைக் கடை. மரப் பொம்மை, மெழுகுவத்தி, தோல், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடில். நிங்கில் என்பது காட்டில் வாழும் குட்டி மனிதர்களின் பெயர். ஃபுரானோவில் குடியேறிய தொலைக்காட்சி நாடக ஆசிரியர் சோ குராமோட்டோவின் கற்பனையில் உருவான இடம் இது. 1981இல் தொடங்கிய அவருடைய நாடகத் தொடர் ஒன்றுதான் இந்த ஊரை ஜப்பான் முழுக்கப் பிரபலமாக்கியது.

இன்னும் கொஞ்சம் ஊர் புராணம். ஃபுரானோ என்ற பெயர் ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தது. நாற்றமடிக்கும் இடம் என்று பொருள். எரிமலைக் கந்தகம் ஆற்றில் கலந்து வீசியதால் வந்த பெயராம். இன்று லாவண்டர் மணத்துக்குப் பெயர்போன ஊர். ஹொக்கைடோவின் நடுவில் இருப்பதால் தன்னைத் தீவின் தொப்புள் என்று சொல்லிக்கொண்டு, கோடையில் வயிற்றில் முகம் வரைந்து ஆடும் தொப்புள் திருவிழாவும் நடத்துகிறார்கள். இதைக் கேட்டதும் என் மகன் ஃபுரானோ கட்சியில் சேர்ந்துவிட்டான்.

பணக் கணக்கும் ஃபுரானோ பக்கம் சாய்ந்தது. நிசேகோவில் நான்கு தளத்துக்கான பெரியவர் ஒருநாள் லிஃப்ட் அட்டை 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் ஏறத்தாழ 90 வெள்ளி. ஃபுரானோவில் அதைவிடக் குறைவு. நாங்கள் போன பருவத்தில் ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு லிஃப்ட் இலவசம். இந்தச் சலுகையைப் பதிவு செய்யும்முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமே என்று அத்தான் கேட்டார். பனிச்சாலையில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாத தூரம். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே ஒரு நாள் போகும்.

முடிவில் 5க்கு 4. அக்கா மகன் கடைசிவரை மாறவில்லை. 1977 முதல் உலகக் கோப்பை சறுக்குப் போட்டிகள் நடந்த மலை அது என்று படித்துக் காட்டியபிறகு சற்று அடங்கினான்.

அக்கா குடும்பம் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் சப்போரோவுக்கு வந்தது. நாங்கள் அம்மாவோடு தைப்பேயில் மாறினோம். ஃபுரானோவுக்கு மிக அருகில் இருப்பது அசாஹிகாவா விமான நிலையம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் நம் பக்கத்திலிருந்து வரும் விமானங்கள் சப்போரோவின் நியூ சிட்டோசேயில்தான் இறங்கும். அங்கிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம் ஆனது. கார் எடுக்கலாம் என்று அத்தானுக்கு ஆசை. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், பன்னாட்டு உரிமம் இருந்தால் போதும். ஆனால் சாலையில் பனிக்கட்டி ஈரம் போலத் தெரியும், கண்ணுக்குப் பிடிபடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 30 ஆண்டு ஓட்டிய அனுபவம் அதற்கு உதவாது என்று அக்காவே தடுத்துவிட்டாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மா சைவம். எங்களில் யாரும் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஜப்பானில் காய்கறி சூப், நூடல்ஸ் என்று எதைக் கேட்டாலும் அடியில் மீன் ரசம் இருக்கும். காயவைத்த மீனைச் சீவிப்போட்டுக் காய்ச்சுவது. அவர்களுக்கு அது உப்பு மாதிரி. கேட்டால் இறைச்சி இல்லை என்றுதான் சொல்வார்கள். ஃபுரானோவின் பெருமை முட்டைக் கறிச்சோறு. உள்ளூர் அரிசி, மேலே முட்டை, சுற்றிலும் கறிக்குழம்பு, உச்சியில் ஒரு குட்டிக் கொடி, கூடவே ஒரு குவளை ஃபுரானோ பால். பிள்ளைகள் இரண்டு நாள் அதையே சாப்பிட்டார்கள். ஆனால் ஜப்பானியக் கறிக்குழம்புக்கான கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு அல்லது பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். கடைக்குக் கடை கேட்டுத்தான் உட்கார வேண்டும். “மாடு இல்லை, பன்றி இல்லை, மீன் ரசம் இல்லை” என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையோடு வைத்திருந்தோம். அது பலமுறை காப்பாற்றியது.

அடுத்தது ரைஸ் குக்கர். தயவுசெய்து இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. செருகினால் அரிசி மணிக்கணக்கில் ஊறுமே தவிர வேகாது. ஊர்க் கடைகளில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கும் சோற்றுப் பொட்டலம் கிடைக்கும். நாங்கள் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோனோம். இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் எடுத்துப்போக முடியாது, கோழிக் கறிபஃப்கூட. பழம், காய், பச்சை இலைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சறுக்கியது பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உடை, காலணி, பலகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் நல்ல காலுறையும் சொந்தமாக இருக்கட்டும். முதல் நாள் கற்றுக்கொள்வதெல்லாம் பலகைகளின் முனைகளைச் சேர்த்து முக்கோணமாக வைத்து நிற்பதுதான். என் மகள் மதியத்துக்குள் கற்றுவிட்டாள். என் கணவருக்கு இரண்டு நாள் ஆனது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் அடங்குமா, குறியிட்ட பாதைக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அக்கா மகன் நாள் முழுக்க 101 பேர் ஏறும் பெரிய ரோப்வேயில் மேலே போய் இறங்கிக்கொண்டே இருந்தான். சறுக்குத்தளத்தின் உச்சி 1,074 மீட்டர். மூன்றாம் நாள் காலை பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரி, சுத்தமான நீல வானம். காற்றில் இருந்த ஈரமே உறைந்து வெயிலில் மினுங்கியது. வைரத்தூள் என்று சொல்கிறார்கள். அன்றைக்கு அவன் நிசேகோ என்ற வார்த்தையே எடுக்கவில்லை.

குறையும் உண்டு. ஆங்கிலம் ஹோட்டலோடு சரி, ஊருக்குள் மொழிபெயர்ப்புச் செயலிதான். மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அதன்பிறகு ஊர் அடங்கிவிடும். இளைஞர்கள் குழுவாகப் போனால் இரண்டாம் இரவே அலுத்துவிடும்.

அம்மாவுக்கு அலுக்கவில்லை. காலணியில் மாட்டும் கூரான வழுக்காப் பட்டைகள் வாங்கிக்கொடுத்தோம். கைத்தடியோடு குடில் குடிலாகப் போனார். காட்டுக்குள் மோரி நோ தோக்கெய் என்று ஒரு காப்பிக் கடை இருக்கிறது. காட்டின் கடிகாரம் என்று பொருள். அதுவும் குராமோட்டோவின் நாடகம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டது. முன்வரிசையில் உட்கார்ந்தால் கொட்டையையும் கையால் சுற்றும் அரவையையும் நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். நாமே அரைத்துக் கொடுக்க வேண்டும். எதிரே பெரிய கண்ணாடி, அதற்கு அப்பால் பனி சுமந்த மரங்கள். அம்மா மூன்று நாளும் அங்கே போனார். தோட்டத்தில் அவருடைய அம்மா இப்படித்தான் வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுத்து அரைப்பாராம். அந்தக் கதையை எங்களிடம் அவர் சொன்னது அதுதான் முதல்முறை. கடைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மூன்றாம் நாள் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

நாலாம் நாள் யாரும் சறுக்கவில்லை. எல்லாரும் அசாஹிகாவாவில் உள்ள அசாஹியாமா விலங்குத் தோட்டத்துக்குப் போனோம். தரையில் பனி படிந்தபின் பென்குவின்களை வரிசையாக நடக்க விடுவார்கள். நாங்கள் போனபோது நடை தொடங்கியிருந்தது. ஓரத்தில் போட்ட கோட்டுக்கு இப்பால் நாம் நிற்க வேண்டும். நம் காலருகே அவை ஆடி ஆடிப் போகும். “என்னை மாதிரியே நடக்குது பாரு” என்றார் அம்மா. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேதி பற்றி ஒரு சொல். நம் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். டிசம்பர் முதல் வாரங்களில் இரண்டு ஊரிலும் அடிவாரத்தில் பனி போதாமல் இருக்கலாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு பனி உறுதி, விலையும் உச்சம். சறுக்குவது மட்டுமே நோக்கம் என்றால் மார்ச் மாத ஒரு வார விடுமுறை நல்லது. பனி இன்னும் நிறைய இருக்கும், பகல் நீளம், கூட்டம் குறைவு.

அக்கா மகன் வருகிற மார்ச்சில் நண்பர்கள் ஐவரோடு நிசேகோ போகிறான். எங்கே தங்கலாம் என்று என்னிடம் கேட்டான். ஹிராஃபுவில் லிஃப்டுக்கு நடந்துபோகும் தூரத்தில், சமையலறை உள்ள வீடாகப் பார் என்றேன். மாணவர்கள் கையில் இருக்கும் காசுக்கு அங்கே மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் கட்டாது.